தோட்டத்து கிரிலுக்கு கேஸ் லைன்: வாசகர் கேள்விகளும் ஒரு பழைய ஃபிட்டரின் பதில்களும்

போன முறை சமையலறை கேஸ் லைனைப் பற்றி எழுதியிருந்தேன். வீட்டுக்கு வெளியே வைக்கிற கிரில் அடுப்புக்கும் இதே முறைதானா என்று கேட்டுக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அதற்கே.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேஸ் லைனில் உரிமம் பெற்றவர் மட்டும்தான் கை வைக்கலாம், முன்அனுமதி வேண்டும், முடிந்ததும் ஆய்வு உண்டு என்பது பல இடங்களில் சட்டம். ஆகவே நீங்களே ஸ்பேனரைத் தூக்குவதற்காக இதை எழுதவில்லை. வருகிறவர் பக்கத்தில் நின்று சரியான கேள்வியைக் கேட்பதற்காக எழுதுகிறேன். கேள்வி கேட்கத் தெரிந்த வீட்டில் ஃபிட்டரின் கை தானாகவே நிதானப்படும். நானே அந்தத் தொழிலில் இருந்தவன், சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கேள்வி: சமையலறைக்கு அரை இஞ்சுக் குழாயில் பைப் கேஸ் வருகிறது. அதில் ஒரு டீ (கிளை பிரிக்கிற மூன்று வாய் இணைப்பு) போட்டு கிரிலுக்கு இழுத்துவிடலாம் என்கிறார் ஃபிட்டர். மீட்டரிலிருந்து கிரில் வரை 18 மீட்டர் வரும். கிரில் 15 கிலோவாட். வீட்டில் 8 கிலோவாட் அடுப்பும் 24 கிலோவாட் வெந்நீர் ஹீட்டரும் இருக்கின்றன. சரியாக வருமா?

வராது. கசிவைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், நியாயம்தான். ஆனால் புதிதாக லைன் இழுத்த வீடுகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு குழாயின் அளவு பற்றாததுதான்.

பைப் கேஸ் வீட்டுக்குள் வரும் அழுத்தம் மிகவும் சொற்பம். பல நாடுகளில் 20 மில்லிபார் அளவில் இருக்கும். தண்ணீர்க் கணக்கில் சொன்னால் 20 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தூக்கும் அளவு. நீங்கள் கன்னம் உப்ப ஊதினால் இதைவிட அதிகமாகவே வரும். இவ்வளவு மெல்லிய தள்ளலில் ஓடுகிற வாயு, குழாயின் உட்சுவரில் உரசி உரசியே பலத்தை இழக்கும். தூரம் கூடக்கூட இழப்பும் கூடும்.

எண்களைப் பாருங்கள். வழியில் சுமார் 1.25 மில்லிபார் இழப்பை ஏற்றுக்கொண்டு போட்ட கணக்கு இது. அரை இஞ்சு இரும்புக் குழாய் 3 மீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ 50 கிலோவாட் வாயுவைக் கொண்டுபோகும். அதே குழாய் 18 மீட்டருக்கு என்றால் 19 கிலோவாட்தான். முக்கால் இஞ்சில் 18 மீட்டருக்கு 40, ஒரு இஞ்சில் 75. சில நாட்டு விதிகள் 1 மில்லிபார் இழப்புக்கு மேல் விடுவதில்லை; அங்கே இந்த எண்கள் இன்னும் குறையும். அதோடு ஒவ்வொரு எல்போவும் (குழாயைத் திருப்புகிற வளைவுத் துண்டு) அரை மீட்டர் குழாய்க்குச் சமம் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். சுவரைச் சுற்றி எட்டு வளைவு போட்டால் 18 மீட்டர் 22 மீட்டர் ஆகிவிடும்.

உங்கள் வீட்டில் மூன்றும் சேர்ந்தால் 47 கிலோவாட். அரை இஞ்சில் இதை இழுத்தால் என்ன நடக்கும்? கிரிலைப் பற்றவைத்ததும் சமையலறைத் தீ சுருங்கும். உள்ளே யாராவது குளிக்கப் போனால் ஹீட்டர் எரிந்து எரிந்து அணையும். வீட்டுக்காரர் ஹீட்டர் கெட்டுவிட்டது என்று அதற்கு ஆள் கூப்பிடுவார். அவர் வந்து பார்க்கும்போது கிரில் அணைந்திருக்கும், ஹீட்டர் நன்றாக வேலை செய்யும். இந்தக் கூத்து எத்தனை வீட்டில்!

மீட்டருக்குப் பக்கத்திலேயே கிளை பிரிக்கச் சொல்லுங்கள். பிரிகிற இடம் வரை ஒரு இஞ்சு, அங்கிருந்து கிரிலுக்குத் தனியாக முக்கால் இஞ்சு. சமையலறைக் குழாயைத் தொடவே வேண்டாம். மீட்டரும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். முகப்பில் ஜி4 என்று இருந்தால் அதன் உச்சம் மணிக்கு 6 கன மீட்டர், அதாவது 60 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் 47 அதில் அடங்கும்.

‘கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்’ என்று ஃபிட்டரிடம் கேளுங்கள். ‘அதெல்லாம் அனுபவத்தில் தெரியும் சார்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: தண்ணீர் வேலைக்கு வாங்கிய பி.வி.சி. குழாய் மீந்து கிடக்கிறது. மண்ணுக்குள்தானே போகிறது, அதையே போட்டால் என்ன?

வேண்டாம். ஒட்டுப் போட்ட பி.வி.சி. கேஸுக்கு ஆகாது. மண்வெட்டி பட்டால் சில்லுச் சில்லாக உடையும்.

மண்ணுக்குள் போவதற்கென்றே கேஸுக்குத் தயாரித்த பாலிஎத்திலீன் குழாய் இருக்கிறது, பெரும்பாலும் மஞ்சள் நிறம். துருப்பிடிக்காது, வளையும், நீளமாகச் சுருளில் வருவதால் நடுவில் இணைப்பே இல்லாமல் போட்டுவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை, அது மண்ணுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெயில் பட்டால் நாளடைவில் நொறுங்கும், தீ பட்டால் உருகும். அதனால் தரைக்கு மேலே வருகிற இடத்தில் இரும்புக்கு மாற்றுகிற ரைசர் என்ற தனிப் பாகம் உண்டு. மாற்றம் மண்ணுக்கு அடியிலேயே நடந்துவிடும். கிரிலுக்குப் பின்னால் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தால் வேலை தப்பு.

தரைக்கு மேலே சுவரோரம் போவதற்கு இரும்புக் குழாய் போதும். வெளியே இருப்பதால் பெயின்ட் அடித்து வையுங்கள். செம்புக் குழாயும் பல இடங்களில் அனுமதிக்கப்படுகிறது. நெளிநெளியான மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போடுவதாக இருந்தால், அதை வீட்டின் எர்த்திங்கோடு முறையாக இணைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். பக்கத்தில் மின்னல் விழுந்தால் அந்த மெல்லிய சுவரில் ஓட்டை விழ வாய்ப்பு உண்டு.

கேள்வி: எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்? தோட்டத்து விளக்குக்கு ஒயரும் இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரே பள்ளத்தில் இரண்டையும் போட்டால் கூலி மிச்சம்.

ஆழம் இடத்துக்கு இடம் மாறும். பொதுவாக 30 முதல் 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உங்கள் ஊர் விதிதான் செல்லும். வண்டி ஏறுகிற பாதைக்கு அடியில் என்றால் இன்னும் ஆழமாகவோ உறைக்குழாயோடோ போக வேண்டும். கட்டடத்துக்கு அடியில் கொண்டுபோகவே கூடாது.

ஒரே பள்ளம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். சில இடங்களில் போதிய இடைவெளி விட்டால் அனுமதி உண்டு என்றாலும், நாளைக்கு விளக்கு எரியவில்லை என்று ஒயரைத் தேடித் தோண்டுகிறவர் கேஸ் குழாயைத்தான் முதலில் வெட்டுவார். கூலி மிச்சம் பிடிக்கிற இடமா இது?

பள்ளத்தின் அடியில் கல் இல்லாத மணல் படுக்கை. அதன்மேல் குழாய், மறுபடி மணல், பிறகு மண். பாதி மூடியதும் ‘கீழே கேஸ் குழாய்’ என்று அச்சடித்த மஞ்சள் எச்சரிக்கை நாடாவை நீளவாக்கில் விரிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் என்றால் கூடவே ஒரு செம்புக் கம்பியும் ஓட வேண்டும். பின்னாளில் கருவி வைத்துத் தேடுகிறவருக்குக் குழாய் எங்கே என்று காட்டுவது அந்தக் கம்பிதான்.

மூடுவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அளவு நாடாவைப் பள்ளத்தின் குறுக்கே பிடித்து, சுவரிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று எண் தெரிகிற மாதிரி செல்போனில் படமெடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் எடுங்கள். பிரிண்ட் போட்டு மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவைத்தால் வீட்டை விற்றுவிட்டுப் போனாலும் அடுத்தவருக்கு உதவும். தோண்ட ஆரம்பிக்கும் முன்பே, ஏற்கெனவே புதைந்திருக்கும் மின்சார, தண்ணீர், கேஸ் லைன்களை அடையாளம் போட்டுத்தரச் சொல்லி அந்தந்த நிறுவனங்களைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஃபிட்டர் எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் அடித்துக் காட்டினார். நுரை வரவில்லை. பள்ளத்தை மூடிவிடலாமா?

மூடாதீர்கள். அவர் செய்தது பாதிச் சோதனை. நான் எந்த வேலையையும் எடைபோடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அழுத்தச் சோதனை. லைனின் இரு முனையையும் அடைத்து, உள்ளே காற்றோ நைட்ரஜனோ ஏற்றி, அழுத்தம் காட்டுகிற கேஜ் மாட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆக்ஸிஜன் ஏற்றவே கூடாது. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதை உள்ளூர் விதி சொல்லும், 0.2 பார் என்பது அடிக்கடி காணும் அளவு. இது வேலை செய்கிற அழுத்தத்தைவிடப் பத்து மடங்கு. ஆகவே சோதனையின்போது கிரில், மீட்டர், ரெகுலேட்டர் எதுவும் லைனோடு சேர்ந்திருக்கக் கூடாது. கிரிலின் வால்வை மூடியிருக்கிறேனே என்பது பதிலாகாது, கழற்றிவிட வேண்டும். அந்த வால்வுகள் இவ்வளவு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை இல்லை.

கேஜையும் எட்டிப் பாருங்கள். 10 பார் வரை காட்டுகிற கேஜில் 0.2 பார் எங்கே தெரியும்? முள் அடியில் லேசாக அசைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதில் கசிவு தெரிய வாய்ப்பே இல்லை. சின்ன அளவுக்கான கேஜ் வேண்டும்.

இன்னொன்று வெயில். குழாய் வெயிலில் கிடக்கும்போது 0.2 பார் ஏற்றுகிறீர்கள். மேகம் மூடி, குழாயின் சூடு 5 டிகிரி இறங்கினால் கேஜ் 0.18 காட்டும், ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமலே. வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து மொத்தம் 1.2 பாரில் அந்தச் சுருக்கம் நடக்கிறது, கேஜோ மேலே இருக்கிற 0.2 ஐ மட்டும் காட்டுகிறது, அதனால்தான் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. தலைகீழாகவும் நடக்கும். காலையில் ஏற்றிவிட்டு வெயில் ஏறியதும் பார்த்தால், உண்மையிலேயே இருக்கிற கசிவை இந்தச் சூடு மறைத்துவிடும். முள் நகரவே இல்லை என்று சந்தோஷமாக மூடிவிடுவார்கள். ஏற்றியபின் குழாய் சுற்றுப்புறச் சூட்டுக்கு வரும்வரை விட்டு, நிழல் நேரத்தில் ரீடிங்கைக் குறித்துப் பார்ப்பதுதான் சரி.

இரண்டாவது சோதனை சோப்பு. கேஜ் கசிவு இருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, பிரஷ்ஷால் மூட்டைச் சுற்றித் தடவ வேண்டும். கசிவு பார்க்கவே தனித் திரவமும் கிடைக்கிறது, அது இன்னும் நல்லது. அம்மோனியா, குளோரின் கலந்த சோப்பு வேண்டாம், பித்தளைப் பாகத்தில் வெடிப்பு விடும். பெரிய கசிவு உடனே கொப்புளம் விட்டுக் காட்டிக்கொடுக்கும். சின்னக் கசிவுக்குப் பொறுமை வேண்டும். மரையின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி நுரை சேரும், முதலில் பார்த்தால் பிரஷ்ஷால் வந்த நுரை போலத்தான் இருக்கும். பிரஷ்ஷால் வந்தது கரைந்து வடிந்துவிடும். கசிவால் வருவது வளர்ந்துகொண்டே போகும். மூட்டின் மேல்பக்கம் மட்டும் தடவிவிட்டு நகர்கிறவர்களிடம், சுவரைப் பார்த்திருக்கிற பின்பக்கத்தையும் சின்னக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தீக்குச்சி, லைட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இதை எல்லாம் வைத்து நான் கடைசிவரை விடாமல் பிடித்த விதி ஒன்றுதான். சோப்புப் பிரஷ்ஷோடு என் கை போக முடியாத இடத்தில் ஒரு மூட்டு இருக்கக் கூடாது. ஒரு வீட்டில் ஆய்வுக்குப் போனபோது, கிரில் மேடையின் பின்சுவரில் அழகாக டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தார்கள். குழாய் ஒரு ஓட்டையில் நுழைந்து இன்னொரு ஓட்டையில் வெளியே வந்தது. நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஃபிட்டர் கொஞ்ச நேரம் மேஸ்திரியைப் பார்த்தார், அப்புறம், ‘ஒரு யூனியன் இருக்கு சார்’ என்றார். டைல்ஸைப் பெயர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். யூனியன் என்பது இரண்டு குழாயைச் சேர்க்கிற, திருகிக் கழற்றக்கூடிய மூட்டு. அதை உள்ளே வைத்துப் பூசுவது பல நாட்டு விதியிலும் கிடையாது, ஏனென்றால் நாளாவட்டத்தில் தளரக்கூடியது அதுதான்.

கேள்வி: மரை மூட்டு ஒன்றில் லேசாக நுரை வந்தது. இன்னும் இரண்டு சுற்று டேப் போட்டு இறுக்கியதும் நின்றுவிட்டது. சரிதானே?

என்ன மூட்டு என்பதைப் பொறுத்தது. கூம்பு மரை என்றால் கழற்றி, பழைய டேப்பைத் துப்புரவாக எடுத்துவிட்டு, கேஸுக்கான தடித்த டேப்பை மரை சுற்றுகிற திசையிலேயே சுற்ற வேண்டும். நுனியில் ஒன்றிரண்டு மரையைச் சும்மா விடுங்கள். இல்லாவிட்டால் டேப் துணுக்கு உள்ளே போய் கிரிலின் ஜெட்டை, அதாவது வாயு பீறிடுகிற சின்னத் துளையை, அடைக்கும்.

முனையை விரித்து உட்காரவைக்கிற ஃப்ளேர் மூட்டு என்றால் டேப்பே போடக் கூடாது. அங்கே அடைப்பது உலோகமும் உலோகமும் ஒட்டி உட்காருவதுதான். டேப் இரண்டையும் சரியாக உட்காரவிடாது. கசிந்தால் முனையை வெட்டிவிட்டுப் புதிதாக விரிக்க வேண்டும். ஸ்பேனரில் தொங்கி இறுக்கினால் விரித்த இடமே கிழியும்.

கேள்வி: நான் வாங்கிய கிரில் எல்.பி.ஜி. சிலிண்டருக்கானது. வீட்டில் பைப் கேஸ். ஹோஸை மாற்றி மாட்டினால் எரியாதா?

எரியும், பரிதாபமாக. எல்.பி.ஜி. என்பது புரொபேன், பியூட்டேன் வாயுக்கள்தான். ஒரு கன மீட்டர் புரொபேனில் இருக்கிற வெப்பம், அதே அளவு பைப் கேஸில் இருப்பதைப்போல் இரண்டரை மடங்கு. அதனால் எல்.பி.ஜி. கிரிலில் ஜெட்டின் துளை சின்னதாக இருக்கும். அதில் பைப் கேஸை விட்டால் தீ நக அளவுக்கு நிற்கும்.

தலைகீழாகச் செய்வதுதான் ஆபத்து. பைப் கேஸ் கிரிலில் சிலிண்டரை மாட்டினால் பெரிய துளை வழியாக வாயு கொட்டும், தீ மூடிக்கு மேலே எழும்பும். ஜெட்டைத் துளைபோட்டுப் பெரிதாக்கித் தருகிறேன் என்பவர்களை நம்பாதீர்கள். கிரில் தயாரித்தவரே மாற்று கிட் தருகிறாரா என்று பாருங்கள். ஜெட்டும் ரெகுலேட்டரும் சேர்ந்தே வரும். தரவில்லை என்றால் அந்த கிரிலை மாற்ற முடியாது, விற்றுவிட்டு வேறு வாங்குங்கள்.

கேள்வி: செங்கல்லில் மேடை கட்டி கிரிலை அதில் பதித்து, சிலிண்டரை அடியில் கதவு போட்டு வைக்கப்போகிறோம். பார்க்க அழகாக இருக்கும். கவனிக்க வேண்டியது என்ன?

அழகைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப் பேசலாம். திறந்த வெளியில் நிற்கிற கிரிலில் லேசாகக் கசிந்தால் காற்று அதைக் கலைத்துவிடும். நீங்கள் மேடை கட்டியதுமே திறந்த வெளியில் ஒரு மூடிய அறையைக் கட்டிவிட்டீர்கள்.

புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர் மாதிரி கீழே இறங்கி, தரையில் பரவி, பள்ளம் பார்த்துத் தேங்கும். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேலே புரொபேன் கலந்தாலே பற்றிக்கொள்ளும். மேடையின் உட்புறம் ஒரு கன மீட்டர் என்று வையுங்கள். அதற்குள் இருக்கிற காற்று முழுவதையும் தீப்பிடிக்கிற கலவையாக மாற்ற 40 கிராம் வாயு போதும். கிரிலின் திருகு குமிழ் ஒன்றை லேசாகத் திறந்த நிலையில் மறந்தாலே சேர்ந்துவிடும். அப்புறம் மேலே பற்றவைக்கிறீர்கள்.

ஆகவே அடித்தளத்தை ஒட்டியே துவாரங்கள் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போதாது, எதிரெதிர்ப் பக்கங்களில். காற்று ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேற வேண்டும். உள்தரை வெளித்தரையைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது, தாழ்ந்தால் அதுவே தொட்டி. துவாரத்தின் அளவு கிரிலோடு வருகிற கையேட்டில் இருக்கும், மேஸ்திரியின் கண்ணளவுக்கு விடாதீர்கள். பூச்சி வரும் என்று நெருக்கமான வலை அடித்தால் தூசியும் சருகும் அடைத்து சில மாதத்தில் துவாரம் இல்லாததற்குச் சமமாகிவிடும்.

பைப் கேஸ் மேடைக்கு இது மாறும். அதில் பெரும்பங்கு மீத்தேன், அது காற்றைவிட லேசு, மேலே போய்த் தேங்கும், அதனால் மேல்விளிம்பில் துவாரம் வேண்டும். என்னைக் கேட்டால் எந்த வாயுவாக இருந்தாலும் மேலும் கீழும் இரண்டிலும் விடச் சொல்வேன்.

சிலிண்டரை மேடைக்குள் வைக்காமல் பக்கத்தில் திறந்த நிழலில், நிமிர்த்தி வைக்க முடிந்தால் அதையே செய்யுங்கள். மிச்சச் சிலிண்டரை எக்காரணம் கொண்டும் கிரிலுக்கு அடியில் சேமிக்க வேண்டாம்.

கேள்வி: கிரிலுக்குப் பக்கத்தில் வால்வ் கட்டாயமா? மீட்டரில்தான் ஒன்று இருக்கிறதே.

கட்டாயம். கிரிலில் தீ கட்டுக்கு மீறினால் 18 மீட்டர் ஓடி மீட்டர் பெட்டியின் சாவியைத் தேடுவீர்களா? கால் திருப்பில் மூடுகிற பால் வால்வ் ஒன்று கிரிலின் அருகே, கையெட்டுகிற இடத்தில் வேண்டும். தீக்கு மேலே கை நீட்ட வேண்டிய இடத்தில் வேண்டாம், பக்கவாட்டில் வையுங்கள். கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். இதை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள்.

கிளை பிரிகிற இடத்திலும் ஒன்று இருக்கட்டும். கிரில் பயன்படாத மாதங்களில் அங்கேயே மூடிவிட்டால் தோட்டத்துக் குழாயில் வாயுவே நிற்காது. கிரிலைக் கழற்றி வைத்தால் திறந்த முனையில் மூடி திருகுங்கள், வால்வை மட்டும் நம்பாதீர்கள். ஹோஸ் வெளிப்புறத்துக்கென்று தரச்சான்று பெற்றதாக, முடிந்தவரை குட்டையாக இருக்க வேண்டும். சுவருக்குள்ளோ ஜன்னல் வழியாகவோ நுழையக் கூடாது. கிரிலின் சூடான அடிப்பாகத்தில் ஹோஸ் சாய்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், பெரும்பாலும் சாய்ந்திருக்கும்.

கேள்வி: சில மாதங்கள் மூடிவைத்திருந்த கிரிலைப் பற்றவைத்தபோது பர்னருக்குப் பதிலாகக் குமிழ்களுக்குப் பின்னால் தீ வந்தது. என்ன காரணம்?

சிலந்தி. சிரிக்காதீர்கள். வால்வின் ஜெட்டிலிருந்து வாயு ஒரு குழாய்க்குள் பாயும், அதன் வாயில் காற்றை இழுத்துக் கலந்துகொண்டு பர்னருக்குப் போகும். அந்தக் குழாய்க்குள் கூடு கட்டுவது சிலந்திக்கு ரொம்பப் பிடிக்கும். வலை அடைத்ததும் வாயு திரும்பி, காற்று நுழைகிற வாய் வழியாகவே வெளியே வந்து அங்கே எரியும். ஹோஸும் வால்வுகளும் அங்கேதான் இருக்கின்றன.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு எடுக்கிறீர்கள் என்றால் வாயுவை மூடிவிட்டு, பர்னரைக் கழற்றி, வளைகிற பிரஷ்ஷை அந்தக் குழாய்க்குள் விட்டு இழுங்கள். திரும்ப மாட்டும்போது ஜெட்டின் மூக்கு குழாயின் வாய்க்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே நின்றால் அதே தீ மறுபடி வரும். நல்ல தீ நீலமாக, நுனியில் லேசான மஞ்சளோடு நிற்கும். முழுக்க மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் காற்று போதவில்லை.

அப்புறம், பற்றவைக்கும்போது கிரிலின் மூடி திறந்தே இருக்க வேண்டும். பற்றவில்லை என்றால் குமிழை மூடி ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

கேள்வி: சிலிண்டரில் கேஸ் நிறைய இருக்கிறது, ஆனால் தீ திடீரென்று சின்னதாகிவிட்டது.

சில ரெகுலேட்டர்களில் ஹோஸ் அறுந்தால் ஓட்டத்தைத் தானே குறைக்கிற அமைப்பு உண்டு. சிலிண்டர் வால்வை வேகமாகத் திறந்தால், அல்லது குமிழ்கள் திறந்திருக்கும்போது திறந்தால், அறுந்துவிட்டது என்று அது முடிவு கட்டிவிடும். எல்லாவற்றையும் மூடி, ஒரு நிமிடம் கழித்துச் சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, பிறகு குமிழைத் திறங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிலிண்டரின் வெளியே பனி படிந்திருந்தால் வேறு கதை. உள்ளே திரவம் ஆவியாகும்போது தன்னையே குளிரவைத்துக்கொள்கிறது; சின்னச் சிலிண்டரிலிருந்து அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கப் போகாதீர்கள், பெரிய சிலிண்டருக்கு மாறுங்கள்.

கேள்வி: பக்கங்களை ஷீட் போட்டு அடைத்த மாடத்தில் கிரில் வைக்கலாமா?

கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை நிறமும் இல்லை. கூரை தாழ்ந்திருந்தால் தீயும் பிடிக்கும். கட்டடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள்.

கேள்வி: போன வருடம் குழாய் புதைத்த இடத்தில் நேர்கோடாகப் புல் காய்கிறது. வாசனை எதுவும் இல்லை. தண்ணீர் பற்றாக்குறையாக இருக்குமோ?

தண்ணீர் பற்றாக்குறை நேர்கோட்டில் வராது. மண்ணுக்குள் கசியும் வாயு, வேர் மூச்சுவிடுகிற காற்றைத் தள்ளிவிட்டு அங்கே தங்கும்; புல் காயும். வாசனைக்காகக் கலக்கிற மருந்தை மண் உறிஞ்சிக்கொள்வதும் உண்டு, அதனால் மூக்கில் படவில்லை என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். பள்ளத்தைச் சரியாக மூடாததாலும் புல் காயலாம்தான், ஆனால் அதைக் கடைசியில் யோசியுங்கள்.

கிளையின் வால்வை இன்றைக்கே மூடுங்கள். அந்தக் கோட்டின் மேல் கிரில், சிகரெட், மின்கருவி எதுவும் வேண்டாம். வீட்டுக்குள் வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே தள்ளிப் போய் அங்கிருந்து கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். வாசனை இல்லாவிட்டாலும் அதே எண்தான். கருவியோடு வந்து பார்ப்பார்கள். நீங்களாகத் தோண்டிப் பார்க்காதீர்கள். அவர்கள் வருவதற்குள், பள்ளம் மூடுமுன் எடுத்த படங்கள் இருந்தால் தேடி வையுங்கள்.